யாரும் தொலைக்காத தங்கம்

தங்கப் பதக்கம் மேசைமேல் கிடந்தது. அதைத் தொலைத்தவர் என்று ஒருவரும் இல்லை. போட்டிச் செயலாளருக்கு அதுதான் தலைவலி.

சர்வதேசத் தடகளப் போட்டியின் எட்டாவது நாள், சனிக்கிழமை, உச்சிப்பொழுது. ஸ்டேடியத்துக்கு அடியில் இருந்த தன் அறையில் செயலாளர் இரண்டு மின்விசிறிகளைச் சுழலவிட்டும் வியர்த்துக்கொண்டிருந்தார். காலையில் தொலைந்த பொருட்கள் பிரிவுக்கு ஒரு தங்கப் பதக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. இதுவரை தங்கம் வாங்கிய முப்பத்தெட்டுப் பேரின் அணி மேலாளர்களுக்கும் போன் போட்டுக் கேட்டாகிவிட்டது. முப்பத்தெட்டுப் பேரும் தங்கள் பதக்கம் பத்திரமாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். போலியாக இருக்குமோ என்று பதக்கம் வார்த்துக் கொடுத்த நிறுவனத்தின் ஆளை வரவழைத்தார். அவர் எடை போட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அசல்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெயர் பொறிப்பது நிறைவு விழாவுக்குப் பிறகுதான் என்பதால் பதக்கத்தின் பின்பக்கம் வழவழவென்று இருந்தது.

நாளை மாலை தங்கம் வென்ற அத்தனை பேரும் பதக்கத்தோடு அணிவகுத்து வரப்போகிறார்கள். அதற்குள் இந்தச் செய்தி பத்திரிகைக்குப் போனால், நாங்கள் பின்வாசல் வழியாகத் தங்கம் விநியோகிக்கிறோம் என்று எழுதிவிடுவார்கள் எனப் புலம்பினார் செயலாளர்.

எதிரே உட்கார்ந்திருந்த இருவரில் ஒருவர் அண்ணி. விமான நிலையத்தில் காணாமல் போன பெட்டிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை இருபது வருடம் பார்த்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவர். குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. இன்னொருவன் அவருடைய கணவரின் தம்பி. வானொலியில் பதினோரு வருடம் விளையாட்டு வர்ணனை செய்தவன். நிலையத்தை மூடியபோது அவன் வேலை போனது, வாய் போகவில்லை. அதனால் ஊரே அவனைக் கமெண்ட்ரி என்றுதான் கூப்பிட்டது.

"தொலைச்சவங்களைத் தேடலாம் அண்ணி. யாருமே தொலைக்கலேன்னா எங்க போய்த் தேடுறது?" என்றான் கமெண்ட்ரி. சொல்லிக்கொண்டே, வாழ்க்கையில் இன்னொரு தடவை வாய்க்காது என்று பதக்கத்தை எடுத்துத் தலையில் மாட்டப் போனான். ரிப்பன் உச்சந்தலையைத் தாண்டவில்லை. பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தான். காதில் சிக்கிக்கொண்டது.

மண்டை கனத்துப் போய்விட்டது என்று அண்ணன் சொல்வது இதைத்தானோ என்று அவன் முனகியபோது அண்ணி எழுந்து வந்து பதக்கத்தை அவன் காதிலிருந்து விடுவித்தார். ரிப்பனை விரலால் தடவிப் பார்த்தார். பின்பக்கம் இறுக்கமாக இரட்டை முடிச்சு. ரிப்பனின் பாதி நீளம் முடிச்சுக்கு மேலே வெட்டியாகத் தொங்கியது. மிச்சமிருந்த வளையத்துக்குள் பச்சைக் குழந்தையின் தலைகூடப் போகாது.

அண்ணி நேராகக் கதவருகே போய் வளையத்தைக் கைப்பிடியில் மாட்டினார். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

"இது தொலைஞ்ச மெடல் இல்ல தம்பி. கொடுத்த மெடல். யாரோ யாருக்கோ கதவுல மாட்டிட்டுப் போயிருக்காங்க. வாங்கினவங்களுக்கு அது பிடிக்கல."

செயலாளர் ஒரு மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தொலைந்த பொருட்கள் பிரிவு ஸ்டேடியத்தின் மேற்குப் படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. சரிந்த கூரை, ஒற்றை ஜன்னல், சுவர் முழுக்க இரும்பு அலமாரி. குடைகள், தண்ணீர் பாட்டில்கள், ஒற்றைக் கம்மல்கள், ஒரு பல்செட். இதையெல்லாம் ஆண்டுகொண்டிருந்த காப்பாளர் அம்மாள் முகத்தில் சிரிப்பு என்பது தொலைந்து வெகுநாளாகியிருந்தது, யாரும் கொண்டுவந்து கொடுத்தபாடில்லை.

வந்த பொருட்களின் பதிவேட்டை அவர் எடுத்துப் போட்டார். கமெண்ட்ரி விரலை ஓட்டினான். காலை பத்து மணி பத்து நிமிடம்: மஞ்சள் நிற வட்டம், ரிப்பனுடன், ஒன்று.

தங்கம் என்று எழுதியிருக்கலாமே என்றான் அவன்.

"தங்கமா பித்தளையான்னு சொல்ல நான் என்ன நகைக்கடையா வச்சிருக்கேன்? கண்ணுக்கு என்ன தெரிஞ்சதோ அதை எழுதினேன்."

கொண்டுவந்தது யார் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. சனிக்கிழமைக் காலைக் கூட்டம். கவுண்டருக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். யாரோ ஒரு பெண் குரல், வெளியே கிடந்தது என்று சொல்லி ஒரு துண்டில் சுற்றியதை நீட்டியது. குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் முகம் பார்க்கவில்லை. கொடுப்பவர்களிடம் கையெழுத்து வாங்கும் வழக்கமும் இல்லை. வாங்கிப் போகிறவர்களிடம்தான் வாங்குவார்களாம்.

கமெண்ட்ரி உதட்டைப் பிதுக்கினான். கதவு சாத்தியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. அண்ணி மட்டும், வாங்கிப் போகிறவர்களுக்குத் தனியாகப் பதிவேடு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. நீல அட்டை போட்டது. இன்று காலைப் பக்கத்தைப் புரட்டினார். அதே பத்து மணி பத்து நிமிடம். இடது கால் ஆணி ஷூ, ஒன்று. பக்கத்தில் கிறுக்கலாக ஒரு கையெழுத்து.

"ஒரே நேரத்துல ஒரு கையால கொடுத்து இன்னொரு கையால வாங்கியிருக்காங்க," என்றார் அண்ணி. "வந்தது ஷூவுக்காகத்தான். ஒரு ஷூவை மட்டும் தொலைச்ச ஓட்டக்காரி யாராவது உண்டா தம்பி?"

கமெண்ட்ரி பதிவேட்டிலிருந்து நிமிர்ந்தான். உண்டு. வியாழக்கிழமை மாலை பெண்கள் ஸ்டீபிள்சேஸ் இறுதி ஓட்டம். மூவாயிரம் மீட்டர், ஏழரைச் சுற்று, வழியெல்லாம் மரத்தடைகள், சுற்றுக்கு ஒருமுறை தண்ணீர்க் குழி. அவன் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து பார்த்த ஓட்டம். கடைசிச் சுற்றில் ஒரு பெண்ணின் குதிகாலை யாரோ மிதித்ததில் ஷூ கழன்று வெளியே பறந்தது. அவள் நிற்கவில்லை. ஒரு கால் வெறுங்காலாக மீதித் தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி நாலாவதாக முடித்தாள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. காமிரா அந்த நேரம் முன்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்ததால் யார் கால் பட்டது என்று படத்தில் விழவில்லை. நெரிசலில் தற்செயலாக நடந்தது என்று தலைமை நடுவர் எழுதி முடித்துவிட்டார்.

அப்படியானால் இது ஸ்டீபிள்சேஸ் தங்கம் என்றான் கமெண்ட்ரி. மிதித்தவள் மனசு உறுத்தி மெடலைக் கொண்டுபோய் மாட்டியிருக்கிறாள், கேஸ் முடிந்தது, மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டான். அண்ணி நீலப் பதிவேட்டை மூடி, காப்பாளர் அம்மாளுக்கு நன்றி சொன்னார்.

வீராங்கனைகள் தங்கியிருந்த கட்டடம் ஸ்டேடியத்துக்குப் பின்னால், இரண்டு தெரு தள்ளி. புதுச் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. இரண்டாம் மாடியில் நாலாவதாக வந்தவளின் அறை. கதவுக் கைப்பிடியைக் கமெண்ட்ரி ஒரு பார்வை பார்த்தான். செயலாளர் அறையில் இருந்த அதே உருட்டுக் கைப்பிடி.

அவள் கட்டிலில் உட்கார்ந்து ஷூவின் கிழிந்த பின்பக்கத்தை ஊசி நூலால் தைத்துக்கொண்டிருந்தாள். இடது குதிகாலில் ஒரு சின்ன பிளாஸ்திரி. மெடல் விஷயம் என்றதும் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். மறைக்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. துண்டுச் சீட்டு எதுவும் இல்லை. முதலில் யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்தாளாம். பிறகு ஜெயித்தவள்தான் பரிதாபப்பட்டு மாட்டியிருக்கிறாள் என்று புரிந்ததும் பற்றிக்கொண்டு வந்ததாம்.

"பிச்சை போடற மாதிரி மாட்டிட்டுப் போயிருக்காங்க. ஓடி வாங்கியிருந்தா கழுத்துல போட்டுக்குவேன். கதவுல தொங்கினதை எடுத்துப் போட்டுக்க எனக்கு என்ன தலையெழுத்து?"

உன்னை மிதித்தது அவள்தானா என்று கமெண்ட்ரி கேட்டான். அவள் தோளைக் குலுக்கினாள். முதுகுக்குப் பின்னால் நடந்ததை அவள் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

"மூணு சுத்தா அவங்க முதுகையே பாத்துட்டு ஓடினேன். தண்ணிக்குழிகிட்ட தாண்டிடலாம்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன். திடீர்னு கால் லேசாயிடுச்சு. கீழ பாத்தா ஷூ இல்ல. அவ்ளோதான் தெரியும்."

அண்ணி அந்தப் பதிலை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதுபோல் நின்றார். பிறகு, கால் இப்போது எப்படி இருக்கிறது, ஓட முடிகிறதா என்று விசாரித்தார். காலையில்கூட ஓடியதாக அவள் சொன்னாள்.

தங்கம் வென்றவள் நாலாம் மாடியில் தங்கியிருந்தாள். முப்பத்து நாலு வயது. இதுதான் கடைசிப் போட்டி என்று முன்கூட்டியே அறிவித்திருந்தவள். அதே அணியில் ஓடும் தங்கை அவளோடு அதே அறையில். இவளுக்கு எட்டு வயது குறைவு. படியேறும்போதே கமெண்ட்ரி தான் கேட்கப்போகும் கேள்விகளை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான். நிறுத்தி நிறுத்திக் கேட்க வேண்டும், நாலாவது கேள்வியில் அவள் உடைந்து அழ வேண்டும் என்பது அவன் திட்டம்.

அக்காள் அவர்களை உட்காரச் சொன்னாள். தங்கை ஜன்னல் பக்கம் ஒதுங்கித் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பதக்கத்தைப் பார்க்கலாமா என்று அண்ணி கேட்டதும் அக்காள் தயங்காமல் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். கமெண்ட்ரி வாங்கினான், பளபளப்பைப் பாராட்டினான், கை தவறிய மாதிரி மேசைமேல் போட்டான். பாட்டில் மூடி விழுந்த சத்தம் கேட்டது.

அக்காள் முகம் சுருங்கிப் போனது.

ஸ்டேடியத்து வாசலில் நினைவுப் பொருள் விற்கும் கடையில் வாங்கியது என்று அவளே ஒப்புக்கொண்டாள். நேற்றிரவு படுக்கும்போது மெடல் பெட்டியில் இருந்தது. காலையில் இல்லை. அறை முழுக்கப் புரட்டிப் போட்டுத் தேடியிருக்கிறாள். வாங்கிய இரண்டாம் நாளே தொலைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? மேலாளர் கேட்டபோது பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

கமெண்ட்ரிக்கு எல்லாம் குழம்பியது. இவள்தான் மாட்டினாள் என்றால் எதற்குத் தேட வேண்டும், எதற்குப் பொம்மை வாங்க வேண்டும்? நாலு கேள்வியில் ஒன்றுகூட அவனுக்கு உதவவில்லை.

"தம்பி, அந்த ஓட்டத்தோட ரிசல்ட் பேப்பர் உன் பையிலதானே இருக்கு?" என்றார் அண்ணி. "கடைசிச் சுத்து மணி அடிச்சப்போ யார் யார் எந்த இடம்னு படி. ரேடியோவுல படிப்பியே, அந்த மாதிரி."

அவன் நாலாக மடித்த தாளைப் பிரித்தான். குரல் தானாக வானொலிக் குரலானது. மணி அடிக்கும்போது முதலிடத்தில், என்று அக்காளைக் கை காட்டினான். அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு இரண்டாவதாக, இரண்டாம் மாடிப் பெண். அவருக்கு ஒரு கை தூரத்தில் மூன்றாவதாக...

குரல் அங்கேயே நின்றது. தாளில் இருந்த பெயர் ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தது.

"மிச்சத்தையும் படி," என்றார் அண்ணி.

ஓட்டத்தை முடிக்கும்போது அந்த மூன்றாவது பெயர் பதினொன்றாவது இடத்தில் இருந்தது. ஒரே சுற்றுக்குள் எட்டுப் பேருக்கு வழி விட்டிருக்கிறாள். ஷூ கழன்றவள் வெறுங்காலோடு நாலாவதாக வர, இரண்டு காலிலும் ஷூ இருந்தவள் நடுவழியில் நடக்காத குறை.

அண்ணி நிதானமாகச் சொன்னார். அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடினேன் என்றாள் அந்தப் பெண். குதிகாலை மிதிக்க வேண்டுமென்றால் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் ஓடுகிறவளுக்குப் பின்னங்காலில் கண் கிடையாது. கமெண்ட்ரி தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அவன் நேரில் பார்த்த ஓட்டம். எல்லாரையும்போல அவனும் பறந்த ஷூவைத்தான் பார்த்திருந்தான்.

தங்கை கையிலிருந்த சட்டையை மடித்து முடித்து, மற்றவற்றின்மேல் வைத்தாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா மூச்சு வாங்கறது எனக்குக் கேட்டுச்சு," என்றாள். "எனக்கு முன்னால ஓடினவ அக்காவைத் தாண்டப் போறான்னு தெரிஞ்சுபோச்சு. அக்காவுக்கு இது கடைசி ஓட்டம். பதினாறு வருஷமா ஓடறா, ஒரு தங்கம் கிடையாது. என் கால் தானா போயிடுச்சு." மடித்து வைத்த சட்டையை நேராக்கினாள். "இல்ல. தானா போகல. நான்தான் வச்சேன்."

அதற்குப் பிறகு கால் ஓடவே மாட்டேன் என்றதாம். பரிசளிப்பில் அக்கா மேடையில் நின்று அழுதபோது, எங்கேயாவது ஓடிப் போய்விடலாம் என்றிருந்ததாம். இன்று காலை அக்கா குளிக்கப் போன நேரத்தில் மெடலை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கினாள். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. முடிச்சுப் போட்டு மாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

கமெண்ட்ரி எத்தனையோ தோல்விகளை மைக் பிடித்துச் சொன்னவன். அக்காளின் முகத்தில் வந்ததற்கு அவனிடம் வார்த்தை இல்லை. அவள் அடிக்கவில்லை, கத்தவில்லை. தங்கையின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் தோத்துடுவேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

தங்கை கால்களைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"நான் இன்னும் வேகம் எடுக்கவே ஆரம்பிக்கல. கடைசி இருநூறு மீட்டருக்கு மிச்சம் வச்சிருந்தேன். உனக்கு அது தெரியலையா? என்கூடவே பயிற்சி எடுக்கற உனக்கே தெரியலையா?"

ஜெயித்தேனா இல்லையா என்பதே இனித் தனக்குத் தெரியப்போவதில்லை என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இதை யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அண்ணியைக் கேட்டாள்.

செயலாளர் வேறு மாதிரி ஆசைப்பட்டார். மெடல் கிடைத்துவிட்டது, உரியவளிடம் கொடுத்துவிடலாம், மூன்றாவது மனிதருக்குத் தெரிய வேண்டாம் என்றார். நீங்கள் என்னை ரகசியம் காக்கக் கூப்பிடவில்லை, கண்டுபிடிக்கக் கூப்பிட்டீர்கள் என்று சொல்லி, அண்ணி அறிக்கையின் நகலைத் தலைமை நடுவர் பெயருக்கு எழுதி நீட்டினார். அதற்குள் அக்காளும் தங்கையும் நடுவர் அறைக்குள் போய்விட்டிருந்தார்கள். தங்கை நடந்ததைச் சொன்னாள். அக்காள் ஒன்றே ஒன்று கேட்டாள்: ஓட்டத்தை மறுபடி நடத்துங்கள்.

மேல்முறையீட்டுக் குழு மதியம் முழுக்க உட்கார்ந்தது. தங்கை நீக்கப்பட்டாள், ஒரு வருடம் ஓடக் கூடாது. மறுபடி ஓட மற்ற எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் நடத்தலாம் என்றார்கள். முதல் கையெழுத்து அக்காளுடையது. இரண்டாவது, ஷூவைத் தைத்துக்கொண்டிருந்தவளுடையது. வெண்கலம் வாங்கியவள் மட்டும் நெடுநேரம் யோசித்தாள். உன் வெண்கலத்தை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள் என்று எழுதிக் கொடுத்த பிறகு அவளும் போட்டாள்.

ஞாயிறு காலை எட்டு மணி. பதினாறாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியத்தில் முந்நூறு பேர். அவ்வளவு சீக்கிரம் அறிவிப்பாளர் வரமாட்டார் என்றதால் மைக் கமெண்ட்ரியின் கைக்கு வந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு மைக். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்ததை மட்டும் சொன்னால் போதும் என்று எச்சரித்து வைத்தார்.

ஆறு சுற்றுகள் அவன் வாய் ஓயவில்லை. மணி அடித்தது. அக்காள் முன்னால், தைத்த ஷூ பின்னால். தண்ணீர்க் குழியில் இருவரும் ஒன்றாகக் குதித்து ஒன்றாக வெளியே வந்தார்கள். அக்காள் மிச்சம் வைத்திருந்ததை எடுத்தாள். நிஜமாகவே வைத்திருந்தாள். கடைசித் தடை வரைக்கும் அவள்தான் முதல். அதற்குப் பிறகு தைத்த ஷூ ஓரடி, ஓரடியாக நெருங்கி, கோட்டில் ஒரு மார்பு அகலத்தில் முந்தியது.

தங்கம் இரண்டாம் மாடிப் பெண்ணுக்கு. வெள்ளி அக்காளுக்கு. கோட்டைத் தாண்டி விழுந்த அக்காளை ஜெயித்தவள் தூக்கி நிறுத்தினாள். இருவரும் முழங்காலில் கை வைத்துக் குனிந்தபடி ஏதோ பேசினார்கள், ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். பேச்சு மைக்கில் விழவில்லை.

மைதானத்துக்குள் நுழையத் தடை இருந்ததால் தங்கை பார்வையாளர் பக்கத்துக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் பயிற்சிக்கு எப்போதும் வைத்திருக்கும் ஸ்டாப்வாட்ச். அக்காள் மெதுவாக நடந்து அவளிடம் போனாள். அறிவிப்பு மேடை நேர் மேலே இருந்ததால் கமெண்ட்ரிக்கு எல்லாம் கேட்டது.

மன்னிச்சிடுக்கா என்று தங்கை ஆரம்பித்தாள். அக்காள் கம்பிக்குள் கையை நீட்டி, அவளிடமிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிப் பாதியைக் குடித்தாள்.

"எவ்ளோ வந்துச்சு?" என்றாள்.

தங்கை ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் பார்த்தாள்.

"வியாழக்கிழமை ஓடினதைவிட ரெண்டு செகண்ட் வேகம்க்கா."

அக்காள் தலையாட்டினாள். மீதித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"பாத்தியா," என்றாள்.

ஏதாவது பேசு, எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்று அண்ணி ஜாடை காட்டினார். கமெண்ட்ரி மைக்கை எடுத்தான், வாயருகே கொண்டு போனான், திரும்பக் கீழே வைத்துவிட்டான்.